ஆறுதலாகத் திறந்த கதவு

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பிமார்களுக்கும் தங்கைகளுக்கும் நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று முதலாளி என்னைக் கூப்பிட்டிருக்கிறார். மத்தியானச் சாப்பாடு சூலியா தெருவிலிருந்து வருகிறதாம். அது வரும்வரை பேசச் சொன்னார். ஆகவே எவ்வளவு நேரம் பேசுவேன் என்பது என் கையில் இல்லை. நாசி கண்டார் சோற்றுக் கடைக்காரர் கையில் இருக்கிறது.

ஒற்று எங்கே மிகும், எங்கே மிகாது என்றெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. அதற்குப் புத்தகம் இருக்கிறது. அதையும் படிக்க முடியாதவர்களுக்குக் கம்ப்யூட்டர் சிவப்புக் கோடு போட்டுக் காட்டுகிறது. நான் இந்தப் பதிப்பகத்தில் பிழை திருத்துபவளாகச் சேர்ந்து, பதிப்பாசிரியராக ஓய்வு பெற்றவள். எனக்கு இந்தத் தொழிலைக் காட்டித் தந்த பெரியவர் தன் பெயரை எங்கேயும் சொல்லக் கூடாது என்பார். பெயர் தெரிந்தால் பிழை வரும்போது ஆள் தேடி வருவார்களாம். அவர் சொன்னது இதுதான்: "சந்தேகம் வந்தா மெஷின நிறுத்திடு. திட்டு வாங்கிக்க. இன்னிக்கு வாங்குற திட்டு நாளைக்கு மறந்துடும். அச்சாயிட்டா அது லைப்ரரியில நம்மள விட அதிக நாள் இருக்கும்." நான் பணியில் இருந்த காலம் முழுக்க ஒரே ஒரு தடவைதான் மெஷினை நிறுத்தினேன். அந்தக் கதையைச் சொல்கிறேன்.

ஓய்வு பெறுவதற்கு முந்தின வருஷம், தலைவர் சந்திரன் ஒரு பழைய நாவலைக் கொண்டுவந்தார். ஒரு கோயில் கமிட்டிக்குத் தலைவர் என்பதால் ஊரே அவரைத் தலைவர் என்றுதான் கூப்பிடும். வீட்டிலும் அப்படித்தானா என்று எனக்குத் தெரியாது. நாவலின் பெயர் 'பெரிய கிராணியின் முடிவு அல்லது தேநீர் மர்மம்.' ஆசிரியர் பெயர் பினாங்கு அரங்கநாதன், நம் ஊர்ப் பெயரையே முன்னால் வைத்துக்கொண்டவர். அவர் தலைவருடைய சித்தப்பா, காலமாகி வெகு நாளாகிவிட்டது. நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்துச் சில வருஷத்தில் வெளிவந்த துப்பறியும் நாவல். மிஞ்சியிருந்தது அந்த ஒரு பிரதிதான். சித்தப்பா ஞாபகார்த்தமாக மறுபதிப்புப் போட வேண்டும், பெரிய மண்டபத்தில் வெளியீடு வைக்க வேண்டும் என்றார். முதலாளி அவருக்குத் தன் நாற்காலியையே கொடுத்துவிட்டார்.

சில நாள் கழித்து, ஒரு காலையில், வெள்ளைச் சேலை கட்டிய ஓர் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நம் மாடிப்படி ஏறி வந்தார். தொண்ணூறை நெருங்கிய வயது. மூச்சு வாங்கவில்லை. எனக்கு வாங்கும்.

"ஆர் இஞ்சை பொறுப்பு?" என்றார்.

"முதலாளிதாங்க. வெளிய போயிருக்காரு. ஒரு சாவு வீடு."

"சரி, ஆறுதலா வரட்டும். நான் இருக்கிறன்."

யார் வீட்டுச் சாவு என்றே தெரியாது, ஆறுதல் சொல்லிவிட்டு வரட்டும் என்கிறாரே, என்ன பண்பு என்று நினைத்துக்கொண்டேன். மின்விசிறியை அவர் பக்கம் திருப்பினேன். அவர் பெயர் மனோன்மணி. பள்ளியில் பாடம் நடத்தியவர், அதனால் எல்லாருக்கும் டீச்சர். யாழ்ப்பாணத்துக் குடும்பம். மணந்ததோ தமிழ்நாட்டுப் பூர்வீகம் உள்ள வீட்டில். அந்த அரங்கநாதனின் மனைவிதான் இவர்.

உட்கார்ந்ததும், பஸ் டிக்கெட் கேட்பவரைப் போலச் சொன்னார்.

"அந்தப் புத்தகம் நான் எழுதினது, பிள்ளை. என்ர பேர் போட வேணும்."

"அப்ப அட்டையில ஏங்க அவரு பேரு?" என்று கேட்டேன்.

"அச்சுக்கூடக்காரர் சொன்னவர், கொலை எழுதுற பொம்பிளையின்ர கையாலை ஆர் தேத்தண்ணி வாங்கிக் குடிப்பினம் எண்டு. இவர் சொன்னார், அப்ப என்ர பேரைப் போடுங்கோ எண்டு. போட்டாச்சு."

கதையில் பெரிய கிராணி சாவதே தேநீர் குடித்துத்தான். கிராணி என்றால் குமாஸ்தா, பெரிய கிராணி என்றால் குமாஸ்தாக்களுக்கெல்லாம் தலைமை. ஆகவே அச்சுக்கூடக்காரர் புத்தகத்தைப் படித்திருக்கிறார் என்று தெரிந்தது. அந்த மட்டில் அவர் நல்ல பதிப்பாளர்.

"கையெழுத்துப் பிரதி ஏதும் இருக்குங்களா?"

"கறையான் வாசிச்சிட்டுது."

பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பேசினார். "வீடு அவற்ற பேரிலை. வாசல் பலகையிலை அவற்ற பேர். எனக்கு வாற கல்யாணக் கார்டிலையும் அவற்ற பேர்தான், ஆள் போய் எத்தினை வருசம்! அது பரவாயில்லை. எனக்குப் பிள்ளையும் இல்லை. இந்த ஒண்டுதான் நான் செய்தது. அதிலை என்ர பேர் வேணும். நான் கண்ணாலை பாக்க வேணும்."

குரல் உயரவே இல்லை.

முதலாளி வந்ததும் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்தார். "நா என்ன அக்கா செய்றது? சித்தப்பா மேசையில உக்காந்து எழுதுனத கண்ணால பாத்தேங்கிறாரு சந்திரன் அண்ணே. சித்திக்கு வயசாச்சி, மறதிங்கிறாரு. பழைய அட்டையிலயும் அவரு பேருதான் இருக்கு. சும்மா மாத்த முடியுமா? ஒரு சாட்சி வேணும் லா."

முதலாளி சொன்னது தப்பில்லை. வயதான ஒருவர் வந்து இது என்னுடையது என்றால் அட்டையை மாற்றிவிட முடியாது. நீங்களும் மாற்றாதீர்கள். அதே சமயம் அவரைப் படியிறக்கி அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கவும் கூடாது. நான் தூங்கினேனா என்று கேட்காதீர்கள். எனக்கு அந்த வாரம் இடது கண்ணில் புரை ஆபரேஷன். கண்ணைக் கட்டிவிட்டார்கள், வேறு வழியில்லாமல் படுத்தேன்.

நான் லீவில் இருந்தபோது தலைவர் மண்டபத்துக்குத் தேதி குறித்துவிட்டார். வசந்தியின் கைக்கு நாவல் போனது. வசந்தியை உங்களுக்குத் தெரியும், இப்போது உங்களுக்கு மேலே இருக்கிறாள், இதைச் சொல்ல எனக்கு அனுமதி கொடுத்திருக்கிறாள். பைராம் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் படித்தவள். அவள் கண்ணில் படாமல் ஒரு பிழை தப்பிப் போய்விடாது. அதுதான் இங்கே சிக்கல்.

ஆபரேஷன் முடிந்து, கறுப்புக் கண்ணாடியோடு நான் வந்த முதல் நாள் காலை. கோப்பு முழுவதும் மாக் மண்டினில் இருக்கும் அச்சகத்துக்குப் போய்விட்டது, அன்றைக்கே அச்சு என்றார்கள். என் மேசையில் ஒரு அச்சுப் படி இருந்தது. புதுக் கண் எப்படி இருக்கிறது என்று பார்க்கலாம் என்று கடைசி அத்தியாயத்தைப் புரட்டினேன்.

கதை இதுதான். மனைவியை இழந்த பெரிய கிராணி முன்னறையில் யாரோ ஒருவருடன் தேநீர் குடிக்கிறார், செத்துப்போகிறார். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த சமையற்காரி, தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண், வந்தவர் பேசிய ஒரு வார்த்தையைக் கேட்டிருக்கிறாள். அதை வைத்து, துக்கம் விசாரிக்க வந்த ஒரு நண்பரைப் போலீஸ் பிடித்துவிடுகிறது. துப்பறிவாளர் முருகேசர் கடைசியில் எழுந்து நின்று மர்மத்தை உடைக்கிறார். நான் படித்தது இப்படி இருந்தது:

"இன்ஸ்பெக்டர்! சமையற்காரி கேட்ட 'மெதுவாகக் குடியுங்கள்' துக்க வீட்டு வார்த்தை அல்ல. யாழ்ப்பாணத்தார் 'மெதுவாக' என்றால் 'மெதுவாக' என்று பொருள்!" இன்ஸ்பெக்டர் திகைத்து நாற்காலியில் சாய்ந்தார்.

நானும் சாய்ந்தேன்.

"வசந்தி, இது என்னடி?"

"எது, அக்கா?"

"மெதுவாக என்றால் மெதுவாக. இதுக்கு ஒரு துப்பறிவாளர் வேணுமா?"

அவள் எட்டிப் பார்த்தாள். "ஐயோ! அக்கா, கத முழுக்க 'ஆறுதலாக', 'ஆறுதலாக'ன்னு கெடந்திச்சி. கதவு ஆறுதலாகத் திறந்ததுன்னு போட்டிருக்கு. கதவுக்கு யாருக்கா ஆறுதல் சொல்றது? சாம்பான் படகு ஆறுதலாகக் கரைக்கு வந்ததுன்னு இருக்கு. மெதுவான்னுதான அர்த்தம் வருது, அச்சுப் பிழன்னு எல்லாத்தயும் ஒரே அடியா மாத்திட்டேன். டைம் இல்லக்கா, கடைசி அத்தியாயத்தத் திரும்பப் படிக்கல."

பழைய பிரதியை எடுத்துப் பார்த்தோம். சமையற்காரி கேட்டது, 'ஆறுதலாகக் குடியுங்கள்.' அவளுக்கு ஆறுதல் என்றால் துக்க வீட்டில் சொல்லுவது. யாழ்ப்பாணத்தாருக்கோ அவசரப்படாமல், மெதுவாக என்று அர்த்தம். பிடிபட்ட நண்பர் மதுரைக்காரர். ஆகவே கொலைகாரன் அவர் அல்ல, யாழ்ப்பாணத்தார் ஒருவர்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. 'ஆறுதலா வரட்டும், நான் இருக்கிறன்.' நாவலில் அந்தச் சமையற்காரி செய்த அதே தப்பை, நம் அலுவலகத்தில், மின்விசிறியைத் திருப்பிக்கொண்டே நான் செய்திருக்கிறேன். முதலாளி அவசரப்படாமல் வரட்டும் என்றுதான் டீச்சர் சொன்னார். பண்பெல்லாம் நானாகச் சேர்த்தது.

சிரிப்பு வந்தது. அடுத்த நிமிஷம் சிரிப்பு போய்விட்டது. அந்த அம்மாவின் வாய்ப் பேச்சு அந்தப் புத்தகம் முழுக்கக் கிடந்திருக்கிறது. அவரிடம் போய்க் கையெழுத்துப் பிரதி கேட்டோம். இருந்த ஒரே சாட்சியையும் துடைத்துவிட்டு, புருஷன் பெயரை மேலே போட்டு, அச்சுக்கு அனுப்பிவிட்டோம்.

அச்சகத்துக்குப் போன் செய்தேன்.

"அட்ட முடிஞ்சிருச்சி அக்கா. உள் பக்கம் இப்ப ஏத்தப் போறோம்" என்றார் ஃபோர்மேன்.

"நிறுத்துங்க."

"முதலாளி சொன்னாரா?"

"நான் சொல்றேன்."

"அப்ப முதலாளி?"

"அவரு இனிமேதான் சொல்லுவாரு" என்றேன். சொன்னார். நம் மாடியில் பேசினால் கீழே நாணயம் மாற்றுகிற கடைவரை கேட்கும் என்று அன்றைக்குத் தெரிந்தது. யாரைக் கேட்டு நிறுத்தினீங்க என்றார். யாரையும் கேட்கவில்லை என்றேன். அது உண்மையாக இருந்ததால் அவருக்கு மேற்கொண்டு கேட்க ஒன்றும் இல்லை. சாயங்காலத்துக்குள்ள முடிச்சுடுங்க, இல்லாட்டி உங்கள முடிச்சுடுவேன் என்றார். அவர் அப்படிப் பேசுவார், பயப்படாதீர்கள்.

அன்று மத்தியானமே தலைவரையும் டீச்சரையும் வரவழைத்தோம். தலைவர் வந்ததும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். டீச்சர் யாரையும் பார்க்கவில்லை. நான் பழைய பிரதியைத் தலைவரிடம் கொடுத்து, "இந்த ஒரு வரி புரியலைங்க. உங்க சித்தப்பா என்ன நெனச்சி எழுதினாருன்னு சொல்லுங்க" என்றேன்.

அவர் படித்தார். திடீரென்று வாய்விட்டுச் சிரித்தார்.

"அட! இந்த வார்த்தையா? எங்க வீட்டுல பெரிய கதையே இருக்கு. சித்தி கல்யாணமாகி வந்த புதுசு. எங்க பாட்டிக்குச் சோறு போட்டுட்டு, 'ஆறுதலாச் சாப்பிடுங்கோ, மாமி'ன்னிருக்காங்க. பாட்டிக்குத் திக்குன்னு ஆயிருச்சி. ஊருல அவுங்க தம்பி செத்துட்டாரு, அதான் மருமக ஆறுதல் சொல்றான்னு நெனச்சி, தட்ட வச்சிட்டு மாருல அடிச்சி அழ ஆரம்பிச்சிட்டாங்க. பக்கத்து வீட்டுக்காரங்கல்லாம் துக்கம் கேக்க வந்துட்டாங்க! அந்தத் தம்பி அங்க நல்லா இருக்காரு! ஒவ்வொரு தீபாவளிக்கும் இதச் சொல்லி நாங்க சிரிப்போம்."

முதலாளியும் சிரித்தார். வசந்தியும் சிரித்தாள். டீச்சர் சிரிக்கவில்லை.

"பாத்தீங்களா, சித்தப்பாவுக்கு அந்த வார்த்த தெரிஞ்சிருக்கு. அத வச்சித்தான் கத கட்டிட்டாரு" என்றார் தலைவர்.

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மனைவியின் பேச்சைக் கேட்டுப் புருஷன் எழுதியிருக்கலாமே. நான் தடுமாறினேன், ஒளிக்காமல் சொல்கிறேன். வேறு எதுவும் தோன்றாமல், "அப்புறம் என்ன ஆச்சுங்க?" என்று கேட்டு வைத்தேன்.

"என்ன ஆகும்? சித்தப்பாவுக்குச் செம கோவம். இனிமே இந்த வீட்டுல அந்த வார்த்த வரக் கூடாதுன்னுட்டாரு. அவருக்கு அதக் கேட்டாலே ஆகாது. எனக்குத் தெரிஞ்சி சித்தி வாயில அது வந்ததே…"

அங்கேயே நின்றுவிட்டார்.

நான் மெதுவாகத்தான் கேட்டேன். "கேட்டாலே ஆகாதவரு, தலைவரே, கதவு ஆறுதலாகத் திறந்ததுன்னு எழுதுவாரா? கொலகாரன் வாயில வந்தா அது துப்பு, யார் வேணா யோசிச்சி வைக்கலாம். கதவுக்கும் சாம்பானுக்கும் வந்திருக்கு பாருங்க, அது யோசிச்சி வராது. அது பேசுறவங்க பேச்சு."

தலைவர் பக்கங்களைப் புரட்டினார். ஒவ்வொரு இடமாக விரலை வைத்துப் பார்த்தார். பிறகு முதல் தடவையாகத் தன் சித்தியைப் பார்த்தார். "அப்ப சித்தப்பா மேசையில உக்காந்து எழுதினது?"

"அது கோயில் நோட்டீஸ்" என்றார் டீச்சர். "வீட்டிலை சொல்ல விடேல்லை, தம்பி. அதுதான் புத்தகத்திலை சொன்னனான்."

"சித்தப்பா படிச்சிட்டு ஒண்ணும் சொல்லலையா?"

"அவர் எங்கை வாசிச்சவர்? தன்ர பேர் சரியா விழுந்திருக்கோ எண்டு அட்டையைத்தான் பாத்தவர்."

சொல்லும்போது அவர் முகத்தில் கோபம் இல்லை. அத்தனை வருஷம் கோபித்து முடித்திருப்பார். தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், போட்டார், திரும்பவும் கழற்றினார். சித்தப்பா மேல் அவருக்கு உயிர். நான் அவரைக் கெட்டவராக ஒருநாளும் நினைத்ததில்லை. கடைசியில் முதலாளியைப் பார்த்து, "மாத்திடுங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அவர் அன்றைக்கு அந்தப் பாட்டி கதையைச் சொல்லாமல் இருந்திருந்தால் எனக்கு வழியே இருந்திருக்காது. அதனால் இன்றைக்கும் அவரைக் கண்டால் எழுந்து நிற்கிறேன்.

எல்லா 'மெதுவாக'வையும் பழையபடி 'ஆறுதலாக' ஆக்கினாள் வசந்தி. இந்தத் தடவை ஒரே அடியாக மாற்றவில்லை, ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றினாள். புது அட்டையில் மனோன்மணி அரங்கநாதன் என்று போட்டோம். முதலாளிக்கு 'முதல் பெண் துப்பறியும் நாவலாசிரியர்' என்றும் போட ஆசை. நான் விடவில்லை. முதல் என்று போட்டால் மறுநாளே இன்னொருவர் படியேறி வருவார். ஆரம்ப காலத்தவர்களில் ஒருவர் என்று போட்டோம். புருஷன் பெயரோடு அச்சாகிவிட்ட அட்டைகளும் வீணாகவில்லை. பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறது. நீங்கள் இப்போது குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறீர்களே, அதுதான்.

வெளியீடு முடிந்து சில நாள் கழித்து டீச்சர் எங்களைத் தன் ஃப்ளாட்டுக்குக் கூப்பிட்டார். முதலாளி, வசந்தி, நான், தலைவர். புத்தகம் நடு மேசையில் இருந்தது. அதன் மேல் யாரும் எதையும் வைக்க விடவில்லை அவர். தானே தேநீர் போட்டு, தட்டில் வைத்து, ஒவ்வொருவரிடமும் கொண்டுவந்தார். கடைசியாகத் தலைவரிடம் கோப்பையைக் கொடுத்தார்.

"ஆறுதலாக் குடி, தம்பி."

அந்தக் குடும்பத்து மனிதர் ஒருவரிடம் அவர் அந்த வார்த்தையைச் சொல்லி ஒரு ஆயுசு காலம் ஆகியிருக்கும்.

தலைவர் இதற்குள் நாவலை முழுக்கப் படித்திருந்தார். கோப்பையைப் பார்த்தார். புத்தகத்தைப் பார்த்தார். "சித்தி, இது அந்தக் கொலகாரன் சொன்ன வசனமாச்சே?"

"ஓம்" என்றார் டீச்சர்.

முதலாளி தன் கோப்பையை மெல்லக் கீழே வைத்துவிட்டார். தலைவர் குடித்தார். வாய் எடுக்காமல் மடமடவென்று குடிப்பவர் அவர், நான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு மடக்கு மடக்காக, நேரம் எடுத்து, அடிவரை குடித்தார். குடித்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் குடுங்க சித்தி" என்றார். டீச்சர் சிரித்தார். பல் இல்லாத, முழுச் சிரிப்பு. அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கண் ஆபரேஷன், அதான் தண்ணி வடியுது என்றேன். வசந்தியின் கண்ணில் பிழை தப்பாது என்று முன்பே சொன்னேன் அல்லவா?

"ஆபரேஷன் ஒரு கண்ணுலதானக்கா?" என்றாள்.

சரி, படியில் சத்தம் கேட்கிறது. சாப்பாடு வந்துவிட்டது போலிருக்கிறது. ஆறுதலாகச் சாப்பிடுங்கள்.